பாட்டு நின்ற இடங்கள்

மொங்கு
3 ஜூன் 2006

மாட்டு மந்தைகளின் மகாராணி சோல்வேக்கு,

மணல் தேசத்திலிருந்து லிகாண்டோ எழுதுகிறேன். கும்பிடு எல்லாம் கிடையாது. லோசி இனத்துக்காரனும் டோங்கா இனத்துக்காரியும் எங்கே பார்த்தாலும் வம்பிழுக்கலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று நம் முன்னோர் ஒரு நல்ல முறையை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இப்போது என் தங்கை நமகாவை உன் தம்பி மைன்சா கட்டிக்கொள்ளப் போகிறான். ஆகவே எனக்கு உரிமை இரட்டிப்பு.

விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்ட் பன்னிரண்டு, இங்கே சர்ச் மண்டபத்தில் கல்யாணம். மாப்பிள்ளைக்குப் பின்னால் ஐந்து பையன்கள், பெண்ணுக்குப் பின்னால் ஐந்து பெண்கள், எல்லோரும் வரிசையாக ஆடிக்கொண்டே மண்டபத்துக்குள் வரவேண்டும். பையன்கள் உன் ஊரில், பெண்கள் என் ஊரில். முந்தின நாள்தான் இரண்டு கூட்டமும் சேரப்போகிறது. ஒரு பக்கம் இடது கால் எடுத்து வைக்கும்போது மறுபக்கம் வலது காலைத் தூக்கினால் ஊரே ஒரு வருஷம் சொல்லிச் சிரிக்கும். அதனால் இரண்டு ஊரிலும் ஒரே பாட்டு, ஒரே தாளம் ஓடவேண்டும்.

லிவிங்ஸ்டனில் இருக்கும் நண்பன் ஐந்து பாட்டுகளைக் கணினியில் போட்டுக் கொடுத்தான். முதலில் மெதுவாக நடக்கிற பாட்டு, கடைசியில் ஆட்டம் போடுகிற பாட்டு. எங்கள் பள்ளிக்கு வெளிநாட்டிலிருந்து வந்த கணினிகளில் லினக்ஸ்தான் இருக்கிறது. இந்த ஜில்லாவிலேயே அதைத் தொட்டு வேலை வாங்கத் தெரிந்தவன் உன் சம்பந்தி ஒருவன்தான் என்பதை அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன். பாட்டுகளைச் சிடியில் எழுதி பஸ் டிரைவரிடம் கொடுத்திருக்கிறேன். பையன்களை ஆட வை. மாடு மேய்க்கும்போது ஆடுவது ஆட்டத்தில் சேராது என்று சொல்லிவை.

லிகாண்டோ


மொன்சே
9 ஜூன் 2006

மணல் ராஜாவுக்கு,

மொங்குவில் பிறந்த ஒவ்வொருவனும் அரசருக்குப் பேரன் என்று சொல்வீர்களே, அரச குடும்பத்தில் சிடி போடத் தெரிந்தவன் ஒருவனும் இல்லையா? உன் வட்டை என் தையல் கடை பிளேயரில் போட்டேன். கொஞ்ச நேரம் முனகிவிட்டு வெளியே துப்பிவிட்டது. என் வீட்டுக்காரர் வண்டியில் போட்டுப் பார்த்தார். அதுவும் துப்பியது. பையன்கள் ஐந்து பேரும் மைன்சாவும் வேலை முடிந்து வந்து, வரிசையாக நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

"அக்கா, லோசிக்காரங்க சிடிக்குள்ள மீனைத்தான் வெச்சு அனுப்பியிருப்பாங்க, மோந்து பாருங்க" என்கிறான் மைன்சாவின் நண்பன் ஹபாசு. மோந்து பார்த்தேன். சிடியும் மீன் நாற்றம்தான் அடிக்கிறது.

எனக்கு வயிறு ஆறு மாதம். குனிந்து நிமிர்ந்து ஆடிக் காட்ட முடியாது. முக்காலியில் உட்கார்ந்து கையைத் தட்டி, அதட்டித்தான் சொல்லிக் கொடுக்கிறேன். பாட்டு இல்லாமல் வெறும் அதட்டலுக்கு எத்தனை நாள் ஆடுவார்கள்? சீக்கிரம் ஒழுங்கான சிடி அனுப்பு. போனில் திட்டலாம் என்றால் லைன் பாதியில் அறுந்துவிடுகிறது. கடிதம்தான் நல்லது, முழுசாகத் திட்டலாம்.

சோல்வே


மொங்கு
16 ஜூன் 2006

மாட்டுக்காரி,

தப்பு உன் பிளேயர் மேல். உன் பாட்டன் காலத்துப் பிளேயர் அது. பாட்டுகளை நண்பன் இடத்தை மிச்சம் பிடிக்கச் சுருக்கி வைத்திருந்தான். நான் அப்படியே தூக்கிச் சிடியில் போட்டுவிட்டேன். கணினிக்கு அது புரியும். பழைய பிளேயருக்குப் புரியாது. கருவாட்டை நீரில் ஊறப்போட்டுத்தானே குழம்பு வைக்க முடியும்? அதுபோல ஒவ்வொரு பாட்டையும் விரித்து, பழைய முழு அளவுக்குக் கொண்டுவந்து, அதன் பிறகு பாட்டுச் சிடியாக எழுத வேண்டுமாம். இதைச் சொல்ல அந்தக் கணினியில் பொத்தானும் கிடையாது, படமும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையை நானே தட்ட வேண்டும். ஒரு எழுத்து விட்டுப்போனாலும் அது என்னைத் திட்டுகிறது, உன்னைவிட மரியாதையாக.

எழுதிக்கொண்டிருக்கும்போது கணினியை யாரும் தொடக் கூடாது. அதற்குள் புவியியல் ஆசிரியர் வந்து, "சார், ஒரே நிமிஷம், ஒரு மெயில் பாத்துக்கறேன்" என்று உட்கார்ந்தார். சிடி போச்சு. அடுத்ததை அவசரப்பட்டு வேகமாக எழுதினேன். அதுவும் போச்சு. வீணான சிடிகளைப் பக்கத்து வீட்டு அம்மாள் வாங்கிக்கொண்டு போய், காயும் மீனுக்குக் காவலாகக் கொடியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். காக்கை ஒன்றுகூட வருவதில்லையாம். அப்படியாவது யாருக்கோ உபயோகம்.

மூன்றாவதைக் கதவைப் பூட்டிக்கொண்டு மெதுவாக எழுதினேன். முதல் பாட்டைப் போட்டுக் கேட்டேன், தேனாகப் பாடுகிறது. பஸ் புறப்படப் போகிறது என்று டிரைவர் ஹாரன் அடித்ததால் மற்றதைக் கேட்கவில்லை. இங்கே என் பெண்கள் சிடிக்குக் காத்திருக்கவில்லை. பள்ளி முடிந்ததும் கணினி அறையிலேயே, கணினியில் ஓடுகிற பாட்டுக்கு ஆடுகிறார்கள். அவர்களுக்குத் தலைவி இனோங்கே. அவள் போடுகிற சத்தத்தில் எனக்கு உன் ஞாபகம் வருகிறது.

லிகாண்டோ


மொன்சே
30 ஜூன் 2006

மணல் ராஜாவுக்கு,

சிடி பாடுகிறது. இப்படி ஒரு சிடியை நான் பார்த்ததே இல்லை.

ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் நின்று மூச்சுவிட இடம் வைத்திருக்கிறாய் பார், அடடா! என்ன யோசனை, என்ன கரிசனம்! ஓடுகிற பாட்டு சட்டென்று நிற்கிறது. முற்றமே அமைதி. பிறகு அடுத்த பாட்டு. லோசிக்காரன் தலைக்குள் இவ்வளவு மூளை இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மைன்சா சொல்கிறான், "இதைப் போட்டவரு கையைப் புடிச்சு முத்தம் குடுக்கணும் அக்கா." என் வீட்டுக்காரர்கூட எட்டிப் பார்த்து, "ரொம்பப் பெரிய கலைஞன்தான்" என்றார்.

பையன்கள் நன்றாக ஆடுகிறார்கள். மேல்சட்டை ஆறும் தைத்தாகிவிட்டது. ஹபாசுவுக்கு மட்டும் இடுப்பில் துணி பத்தவில்லை, ஒட்டுப் போட்டிருக்கிறேன். கல்யாணத்துக்கு வந்து நேரில் உன்னைத் திட்ட வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. டாக்டர் அம்மா என்ன சொல்கிறாரோ பார்க்கலாம்.

இவ்வளவு நல்ல வேலை செய்தவனைத் திட்டாமல் விட்டால் முறைக்கு ஆகாது. ஆகவே, போடா மீன்முள்.

சோல்வே


மொங்கு
8 ஜூலை 2006

மாட்டுக்காரி சோல்வேக்கு,

உன் கடிதம் வந்தது. ஆசிரியர் அறையில் படித்தேன். "பெரிய கலைஞன்." "என்ன கரிசனம்." "கையைப் பிடித்து முத்தம்." ஒரு வரி நேராகத் திட்டியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். நீயோ பக்கம் முழுக்கப் புகழ்ந்து என் மானத்தை வாங்கிவிட்டாய். டோங்காக்காரி லோசிக்காரனைப் புகழ்ந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

பாட்டுக்கு நடுவில் இடைவெளி விழுந்திருக்கும் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. நான் கடைசிவரை கேட்கவில்லை. தனித்தனிப் பாட்டாக எழுதினால் அந்தக் கருவி தானாகவே ஒவ்வொன்றுக்கும் முன்னால் இரண்டு நொடி சும்மா விட்டுவிடுமாம். அது கருவியின் பழக்கம், என் கைத்திறமை இல்லை. என் பெண்கள் கணினியில் கேட்பதில் இந்த ஓட்டையே கிடையாது, ஐந்து பாட்டும் ஒரே ஓட்டம்.

நீ சிரித்ததை நினைத்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு வாரம் அந்தக் கறுப்புத் திரையோடு மல்லுக்கட்டினேன். பாட்டின் தலையிலும் வாலிலும் ஒட்டியிருந்த சத்தமில்லாத துணுக்கை வெட்டினேன். வட்டு முழுவதையும் ஒரே மூச்சில் எழுத ஒரு வழி இருக்கிறது, அதைக் கண்டுபிடித்தேன். இதோ, புதுச் சிடி. இந்த முறை முழுவதையும் கேட்டேன். ஒரு பாட்டு முடிகிற இடமும் அடுத்தது தொடங்குகிற இடமும் உனக்குத் தெரியவே தெரியாது. பழையதைத் தூக்கிக் குப்பையில் போடு.

இனி உன் மாப்பிள்ளைக்கு நடுவில் நின்று அசைபோட இடம் கிடையாது. கால் ஒடிந்த எருது மாதிரி இழுத்துக்கொண்டு வந்தால் என் பெண்கள் அவனைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பார்கள், சொல்லிவை.

லிகாண்டோ


மொன்சே
17 ஜூலை 2006

லிகாண்டோவுக்கு,

புதுச் சிடி வந்தது. அன்று மாலையே போட்டு ஆடிப் பார்த்தார்கள். இரண்டாவது பாட்டு மூன்றாவதாக மாறுகிற இடத்தில் மைன்சா விழுந்துவிட்டான்.

முறைப்படி நான் கோபப்படக் கூடாது. படவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

போன வருஷம் லாரி விபத்தில் அவன் தொடை எலும்பு உடைந்தது உங்களுக்குத் தெரியும். உள்ளே கம்பி வைத்திருப்பது தெரியாது. பெண் கேட்க வந்த அன்று உன் பெரிய மாமா எங்கள் ஆட்களிடம், "கால் முழுசா ஆறிடுச்சா?" என்று கேட்டார். எங்கள் ஆட்கள் மரியாதைக்குக் கையைத் தட்டிப் பணிந்து, "ஆறிடுச்சுங்க" என்றார்கள். நடப்பதற்கு ஆறிவிட்டது. ஆடுவதற்கு ஆறவில்லை. நேராக நடக்கிற ஆட்டம் வரும். சட்டென்று திரும்பி எடையை இடது காலில் போடுகிற ஆட்டம் வராது. ஒரு நிமிஷம் நின்று, காலைச் சரியாக ஊன்றி, மூச்சை இழுத்துவிட்டால் வரும்.

உன் பழைய சிடியில் பாட்டு நின்றபோது அவன் அந்த இடத்தில் காலை ஊன்றிக்கொண்டான். நான்தான் பார்த்தேன். மற்ற பையன்களையும் அங்கே அசையாமல் நிற்கச் சொல்லி, அதையே ஆட்டமாக ஆக்கினேன். எல்லோரும் நிற்கும்போது அவன் நிற்பது தனியாகத் தெரியவில்லை. விபத்துக்குப் பிறகு அவன் சிரித்து ஆடியதை அன்றுதான் பார்த்தேன். அதனால்தான் உன்னைப் புகழ்ந்து எழுதினேன். நிஜமாகவே புகழ்ந்தேன்.

இப்போது உன் பெண்கள் நிற்காமல் ஆடப் பழகிவிட்டார்கள் என்கிறாய். மைன்சா முழங்காலில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே, "அக்கா, எனக்கு நாற்காலி போடச் சொல்லுங்க. நான் உக்காந்துக்கறேன், அவங்க ஆடட்டும்" என்கிறான். சொந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளை உட்கார்ந்து பார்த்தால் உன் மாமா என்ன கேட்பார் என்று உனக்குத் தெரியும். "ஆறிடுச்சுன்னு சொன்னீங்களே?" என்பார். அந்தக் கேள்வியை நினைத்துத்தான் மைன்சா தூங்காமல் கிடக்கிறான்.

டாக்டர் அம்மா என்னைப் பயணம் போகக் கூடாது, குழந்தை பிறக்கும்வரை படுத்தே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். கல்யாணத்துக்கு நான் வரப்போவதில்லை.

சோல்வே


மொங்கு
21 ஜூலை 2006

சோல்வே,

உன் கடிதத்தில் ஒரு திட்டுகூட இல்லை. இரண்டாவது பத்தியிலேயே எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

கேலி முறையில் மன்னிப்புக் கேட்டால் முறையே முறிந்துபோகும் என்பார்கள். அதனால் கேட்கவில்லை. வேலையைச் சொல்கிறேன்.

முதலில் நமகாவிடம் போனேன். பெண்ணின் அண்ணன் நான், இதைத் தெரிந்துகொண்டு சும்மா இருக்க முடியாது. முழுவதையும் சொன்னேன். மீன் அரிந்துகொண்டிருந்தவள் கத்தியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "கம்பி இருக்கறது எனக்கு மொதல்லேருந்தே தெரியும்ணா. போன வருஷம் நான் லிவிங்ஸ்டன்ல இருந்தப்ப, அங்க ஆஸ்பத்திரியில படுத்திருந்தவருக்கு நான்தான தெனமும் கஞ்சி கொண்டு போனேன்? மாமா கேட்டா, கட்டிக்கப் போறவ நான்தான், எனக்கு ஆறிடுச்சுன்னு சொல்லு" என்றாள். எனக்கு அப்போதே பாதி பாரம் இறங்கிவிட்டது.

மீதிப் பாதி இனோங்கே. "இனி பாட்டுக்கு நடுவுல நிக்கணும்" என்றதும் குதித்தாள். "பாட்டு நிக்கும்போது நாங்க என்ன, மரமா நிக்கணுமா? ஒன்றரை மாசமா ஆடினது என்ன ஆவறது சார்?" காரணத்தை நான் சொல்லக் கூடாது, அது மைன்சாவின் காரணம். யோசித்துப் பார்த்துவிட்டு இப்படிச் சொன்னேன்: "இல்லம்மா, மொன்சே பையங்க சொல்லி அனுப்பியிருக்காங்க. லோசிப் பொண்ணுங்களால ரெண்டு நொடி வாயையும் காலையும் அடக்கி நிக்க முடியாதாம்."

"யாரு சொன்னது?"

"ஹபாசுன்னு ஒருத்தன்."

"அவனைக் கல்யாணத்தன்னிக்கு எனக்கு அடையாளம் காட்டுங்க சார்" என்றாள். அன்று மாலையே ஐந்து பேரும் தலையில் ஆளுக்கொரு புத்தகத்தை வைத்துக்கொண்டு அசையாமல் நின்று பழகினார்கள். ஹபாசுவிடம் சொல்லிவை, பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது.

இதோ ஒரு சிடி. இதில் ஐந்து பாட்டும் மூன்று தடவை வரும். முதல் தடவை இடைவெளி பழையபடி இரண்டு நொடி. அடுத்தது மூன்று. கடைசியில் நான்கு. இந்த முறை கருவியின் பழக்கத்தை நம்பவில்லை. சத்தமே இல்லாத ஒரு துண்டை நானே செய்து பாட்டுகளுக்கு நடுவில் தைத்திருக்கிறேன், உன் ஒட்டுத் துணி மாதிரி. மைன்சாவுக்கு எது சரி என்று பார்த்துச் சொல். எதைச் சொல்கிறாயோ அதையே இரண்டு ஊருக்கும் எழுதிவிடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். படுத்திரு.

லிகாண்டோ


மொன்சே
28 ஜூலை 2006

மணல் ராஜாவுக்கு,

படுத்துக்கொண்டேதான் எழுதுகிறேன். கட்டிலைத் திண்டாடித் தூக்கி முற்றத்துக்கே கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள், பையன்களை நான் படுத்தபடியே அதட்டுவதற்காக.

மூன்றுதான் சரி. இரண்டில் அவன் அவசரப்படுகிறான். நான்கில் காலை ஊன்றிவிட்டு நிம்மதியாக நிற்கிறான், ஆனால் மற்ற பையன்களுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. மூன்றில் ஊன்றுகிறான், தலையை நிமிர்த்துகிறான், பாட்டு வருகிறது. நேற்று நான்கு இடத்திலும் விழவில்லை. "அக்கா, நாற்காலி வேண்டாம்" என்றான். நான் துணியால் முகத்தை மூடிக்கொண்டேன், வெயில் என்று சொல்லிவிட்டு.

நமகா சொன்னதை அவனிடம் சொன்னேன். வெகு நேரம் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

ஒரு விஷயம். நீ கடைசியாக எழுதிய கடிதத்தில் "உடம்பைப் பார்த்துக்கொள்" என்று எழுதியிருந்தாய். இனிமேல் அப்படி எழுதாதே. யாரோ செத்துப்போனார்களோ என்று பயந்துவிட்டேன். லோசிக்காரன் அன்பாகப் பேசினால் குழந்தைக்கு ஆகாது. திட்டி எழுது.

சோல்வே


மொங்கு
3 ஆகஸ்ட் 2006

முற்றத்தில் கட்டில் போட்டு ஊரை மேய்க்கிறவளே,

இரண்டு சிடி எழுதினேன், ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு. மூன்றாவதாக ஒன்று, மண்டபத்துக்கு. மூன்றையும் முழுவதுமாகக் கேட்டேன். பாட்டு நிற்கிற இடத்தில் எல்லாம் நானும் எழுந்து நின்று காலை ஊன்றிப் பார்த்தேன். தலைமையாசிரியர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

பையன்களை வியாழக்கிழமையே பஸ் ஏற்று. வழியில் மாட்டைப் பார்த்து இறங்கிவிடப் போகிறார்கள், டிரைவரிடம் சொல்லிவை. நீ அங்கேயே கிட. உன் சத்தம் இல்லாமல் எங்கள் மண்டபமாவது ஒரு நாள் நிம்மதியாக இருக்கட்டும்.

லிகாண்டோ


மொங்கு
14 ஆகஸ்ட் 2006

சோல்வே,

மைன்சாவும் நமகாவும் வந்து சேர்வதற்குள் இந்தக் கடிதம் உன் கையில் இருக்க வேண்டும் என்று இன்று காலை முதல் பஸ்ஸிலேயே கொடுக்கிறேன். அவர்கள் சொன்னால் பாதியை விட்டுவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை இரண்டு கூட்டத்தையும் முதன்முதலாகச் சேர்த்து ஆடவிட்டோம். இனோங்கே நேராக ஹபாசுவிடம் போய், "நீதான அந்த ஆளு?" என்றாள். அவன் என்னவென்று தெரியாமலே, "நான்தாங்க" என்றுவிட்டான். அதற்குப் பிறகு ஒவ்வொரு இடைவெளியிலும் அவனை முறைத்துக்கொண்டே நின்றாள். அவனும் பயத்தில் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. பிறகு இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது, ஆனால் நேற்று பஸ் ஏறும்போது அவன் பையில் அவள் கட்டிக்கொடுத்த கருவாடு இருந்தது.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. பாட்டுப் போட வந்தவன் பெயர் முன்டியா. சிடியைக் கொடுத்து மூன்று தடவை சொன்னேன்: "நடுவுல பாட்டு நிக்கும். நீ எதையும் தொடாத." "தெரியும் சார், தெரியும் சார்" என்று தலையாட்டினான். பாட்டுப் போடுகிறவர்கள் யார் சொல்வதையும் கேட்பதில்லை, காதை மூடும் அந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டால் கடவுள் சொன்னாலும் கேட்பதில்லை.

கதவு திறந்தது. முதல் பாட்டு. மைன்சா முன்னால், பக்கத்தில் நமகா. நீ தைத்த மேல்சட்டை நன்றாக இருந்தது, இதை ஒரு தடவைதான் சொல்வேன். மெதுவாக நடக்கிற பாட்டு, ஒரு பிசகும் இல்லை. பாட்டு நின்றது. எல்லோரும் நின்றார்கள்.

நான் மைன்சாவின் காலைப் பார்க்காமல் முன்டியாவின் கையைப் பார்த்தேன். அது பொத்தானைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது. சிடி சிக்கிவிட்டது என்று நினைத்துவிட்டான்! சோல்வே, நான் பாய்ந்தேன். நடுவில் மாமாவின் மடி இருந்தது, அதையும் தாண்டினேன். முன்டியாவின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து மேசையோடு அழுத்திக்கொண்டேன். "சார், விடுங்க சார், வலிக்குது" என்றான். "வலிக்கட்டும்" என்றேன். பாட்டு வந்தது. மைன்சா காலை எடுத்து வைத்தான், சரியான இடத்தில்.

அதற்குப் பிறகு நான் அந்தக் கையை விடவே இல்லை. மீதி மூன்று இடைவெளியையும் அவன் கையைப் பிடித்தபடியேதான் பார்த்தேன். கடைசி இடைவெளி ஆட்டம் போடுகிற பாட்டுக்கு முன்னால். மண்டபத்தில் ஒரு குழந்தைகூட அழவில்லை. பதினொரு பேர் அசையாமல் நிற்க, பன்னிரண்டாவதாக மைன்சா இடது காலை மெதுவாகக் கொண்டுவந்து ஊன்றி, தோளை நிமிர்த்தி, கூட்டத்தை ஒரு தடவை பார்த்தான். எனக்கு அவன் வலி தெரிந்தது, ஏனென்றால் நீ சொல்லியிருந்தாய். வேறு யாருக்காவது தெரிகிறதா? மெதுவாகத் தலையைத் திருப்பிப் பெரிய மாமாவைப் பார்த்தேன்.

அவர் மைன்சாவின் காலையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த நாசிலேலே அத்தையின் தோளை இடித்தார். நான் முன்டியாவின் கையை இன்னும் அழுத்தினேன். அவர் சொன்னது இது:

"பாத்தியா இந்த டோங்காக்காரனுக்கு இருக்கற திமிரை? பாட்டையே நிறுத்தி வெச்சுட்டு நடக்கறான். நம்ம ராஜாகூட இப்படி நடந்ததில்லடி!"

அத்தை எழுந்து நின்று குலவையிட்டாள். பாட்டு வந்துவிட்டது. மண்டபம் முழுக்க எழுந்துவிட்டது.

ஆட்டம் முடிந்த பிறகுதான் முன்டியாவின் கையை விட்டேன். வீங்கியிருந்தது. நான் போய் வெளியே மணலில் உட்கார்ந்துகொண்டேன்.

லிகாண்டோ


மொன்சே
19 ஆகஸ்ட் 2006

மீன்முள்,

உன் கடிதத்தைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் என் வீட்டுக்காரர் வலி வந்துவிட்டது என்று வண்டியை எடுக்க ஓடினார். திருப்பிக் கூப்பிட ஆள் அனுப்ப வேண்டியதாகிவிட்டது. பிறகு அழுதேன். அவர் மறுபடியும் சாவியை எடுத்தார்.

நேற்று மைன்சாவும் நமகாவும் வந்தார்கள். கால் வீங்கியிருக்கிறது, வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாள். "வலிக்குதா?" என்று கேட்டேன். "வலிக்குது, ஆனா அது ஆடின வலி" என்கிறான். என் கட்டில் இப்போது வீட்டுக்குள் வந்துவிட்டது, படுத்தபடியே உன் கடிதத்தை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். நீ மாமாவின் மடியைத் தாண்டின இடத்தில் சிரித்தான். மாமா சொன்ன இடம் வந்ததும் சிரிக்கவில்லை. எழுந்து முற்றத்துக்குப் போய் நின்றான். பிறகு ஜன்னலுக்கு வெளியே இருந்தே கேட்டான், "அக்கா, அந்த வரியை மட்டும் இன்னொரு தடவை படிங்க."

படித்தேன். வெளியே அவன் ஒரு அடி எடுத்து வைத்துவிட்டு நின்றது கேட்டது. "இன்னொரு தடவை" என்றான்.

சோல்வே